பைரைட் கல்: பழுப்புக்குப் பயமில்லை, வெள்ளைப் பொடிக்கு உஷார்

1. பணத்தை ஈர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் பொன்னிறக் கல், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். பணம் வருகிறதோ இல்லையோ, ஈரக்காற்றில் கிடந்தால் துருவும் அமிலமும் வரக்கூடும்.

2. தங்கமோ என்று சந்தேகமா? ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, பளபளப்பு பூசாத அடி விளிம்பில் கல்லின் ஒரு முனையை உரசுங்கள். தங்கம் என்றால் மஞ்சள் கோடு, பைரைட் என்றால் பச்சை கலந்த கறுப்புக் கோடு.

3. சதுரக் கட்டியாகவே இருக்கிறது, ஆனால் நிறம் மட்டும் பழுப்பா? உரசினால் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு விழுந்தால், மண்ணுக்குள் கிடந்தபோதே கந்தகம் வெளியேறி, அந்த இடத்தில் இரும்புத் துருக் கனிமம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கங்களில் இருந்த மெல்லிய கோடுகள்கூட அழிந்திருக்காது. கெட வேண்டியதெல்லாம் கெட்டு முடிந்த கல் இது. தாராளமாக அலமாரியில் வைக்கலாம்.

4. கவனிக்க வேண்டியது வெள்ளை, மஞ்சள் அல்லது இளம்பச்சைப் பொடி. கூடவே கந்தக நெடி, விரிசல், அடியில் இருக்கும் அட்டை கருகினாற்போல் ஆவது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியின் இனத்தைச் சேர்ந்த உப்புதான் அந்தப் பொடி. அதோடு கந்தக அமிலமும் ஊறும். அதனால் பளிங்கு மேடையிலோ கிளிஞ்சல்களோடோ வைக்காதீர்கள். இரண்டும் சுண்ணாம்புப் பொருள்கள், அரித்துவிடும்.

5. ‘சுத்திகரிக்க’ உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தை யார் கிளப்பிவிட்டார்களோ! பைரைட்டுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. பொடி படிந்திருந்தால் மூக்கை மூடிக்கொண்டு, வெளியில் வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டி எடுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

6. நெயில் பாலிஷ் பூசி மூடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் தன் வேலையைத் தொடரும்.

7. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் சிதைவு வேகமெடுக்கும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் அதற்குக் குறைவே இல்லை. செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் கல்லோடு போடுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.

8. நன்றாக விளைந்த பெரிய சதுரப் படிகங்கள் (ஸ்பெயினின் நவஹூனிலிருந்து வருபவை போல) பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பொடிமணிகள் சேர்ந்த கட்டிகளும், அதே சேர்மானம் கொண்ட வெளிறிய மார்க்கசைட்டும் சீக்கிரம் உதிரும்.

9. அடுப்பில் காட்டிப் பார்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் கந்தக வாயு கிளம்பும்.