வரலாற்றின் வழியே ஆங்கிலச் சொல் அறிவோம்



"ஆங்கிலச் சொற்களை எத்தனை முறை எழுதினாலும் மனத்தில் நிற்பதில்லை, ஐயா" என்று நீங்கள் என்னிடம் குறைபட்டுக் கொள்வதுண்டு. அக்குறை உங்களுடையதன்று. வெறும் பட்டியலாகப் படித்த சொல் இரவில் வந்து காலையில் போய்விடும். ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துப் படித்த சொல்லோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும். அந்த நிகழ்ச்சி நம் மண்ணில் நடந்ததாயின் சொல்லவே வேண்டுவதில்லை.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறிய ஆங்கிலப் பகுதியை வாசிக்கச் செய்தேன். அதில் 'ஜப்பானீஸ் ஆக்குபேஷன்' என்னும் தொடர் வந்தது. ஒரு மாணவன் எழுந்து, "ஜப்பானியருடைய தொழில், ஐயா" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனால் அவன் சொன்னது அறியாமை அன்று. பள்ளிப் பாரத்தில் 'ஆக்குபேஷன்' என்னும் இடத்தில் தந்தையின் தொழிலை எழுதி அவன் பழகியிருந்தான். 'ஆக்குபை' என்னும் வினைக்கு ஓரிடத்தை நிரப்பிக்கொள்ளுதல், கைக்கொள்ளுதல் என்று பொருள். நம் பொழுதை நிரப்பிக்கொள்வது தொழில். பிறர் நாட்டைப் பிடித்துக்கொள்வது ஆக்கிரமிப்பு. ஒரு வேர், இரு கிளைகள். அன்று அவ்வகுப்பில் இருந்த எவரும் இச்சொல்லை இனி மறக்கமாட்டார்.

இவ்வாறே மற்றச் சொற்களையும் காண்போம்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. படையெடுத்துப் புகுதல் 'இன்வேட்', படையெடுப்பு 'இன்வேஷன்'. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இதற்குரிய சொல் 'சரண்டர்'. இச்சொல் வடிவம் மாறாமலே வினையாகவும் பெயராகவும் நிற்கும். தமிழிலும் 'சரண்' என்ற சொல் இருப்பதால் நினைவிற் கொள்வது எளிது. எனினும் இரண்டும் வெவ்வேறு மொழியிற் பிறந்தவை என்பதை மறவாதீர்கள்.

அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, அது 'ரேஷன்'. போதாத வீடுகளில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் அப்பணத்தைப் 'பனானா மனி' என்றனர். பின்னாளில் வரிசை எண் கூட இல்லாமல் தாள்களை அச்சடித்துத் தள்ளினர். பணம் பெருகியது, அதன் மதிப்பு இறங்கியது, பொருள்களின் விலை ஏறியது. இதற்கு 'இன்ப்ளேஷன்' என்று பெயர். பலூனை ஊதிப் பெருக்குவதும் 'இன்ப்ளேட்' தான். ஊதிய பலூன் பெரிதாகத் தோன்றினும் உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை அல்லவா?

இனி, நம் தோட்டங்களைத் தொட்ட கதைக்கு வருவோம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரப்பர் போவது நின்றது. பால்மரக் காட்டில் வேலையில்லை. வேலையில்லாத வீட்டில் சோறில்லை. அந்நேரத்தில், பர்மாவிலிருந்த தம் படைக்குப் பொருள் அனுப்ப ஜப்பானியருக்கு நிலவழி தேவைப்பட்டது. கடல்வழியில் நேசநாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சுறுத்தின. ஆகவே, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் இரயில் பாதை அமைக்க முற்பட்டனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

தண்டவாளத்தின் கீழ்க் குறுக்கே கிடக்கும் கட்டைக்கு 'ஸ்லீப்பர்' என்று பெயர். நம் முதியோர் 'சிலிப்பர் கட்டை' என்பர். உறங்குபவர் என்பதும் அதன் பொருளே. ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் என்பது அந்நாளைய பேச்சு. அது கணக்கன்று, துயரத்தின் அளவு. 1943இன் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. இவ்வாறு ஒரே காலத்தில் பலரிடையே விரைந்து பரவும் நோய் 'எபிடெமிக்'. பிழைத்து மீண்டவர் 'சர்வைவர்', பிழைத்தல் 'சர்வைவ்', பிழைப்பு 'சர்வைவல்'. ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் குடும்பத்தையும் சேர்த்துக் கற்றுவிடுங்கள்.

இரு சொற்களை மட்டும் கவனமாக நோக்குங்கள். 'ரெக்ரூட்' என்றால் ஆள் சேர்த்தல். 'போர்ஸ்' என்றால் கட்டாயப்படுத்துதல். தொடக்கத்தில் சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்தனர். பின்னர்ப் பிடித்தே கொண்டுபோயினர். முதல்வகையினரும் விரும்பிய நாளில் வீடு திரும்ப இயலவில்லை. ஆதலால், தமிழர் அங்கே 'ரெக்ரூட்' செய்யப்பட்டனர் என்று மட்டும் ஒருவர் எழுதினால் அவர் பாதி உண்மையையே எழுதுகிறார். சொல் அறிவு என்பது தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

என் பாட்டியாரைப் பற்றி இங்கே ஒரு செய்தி கூற வேண்டும். என் தந்தையார் கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தா சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. "பெரட்டுக் களத்தில் நிற்கவைத்துப் பேர் எழுதிக்கொண்டுதானே போனார்கள்? அந்தப் பேர் ஏடு எங்கே இருக்கிறது, நீ படித்தவனாயிற்றே, பார்த்துச் சொல்" என்று பாட்டியார் என்னிடம் கேட்பார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பின் இத்துறை பற்றிய ஆங்கில நூல்களைத் தேடிப் படித்தேன். அங்கே எனக்கு இரு சொற்கள் எதிர்ப்பட்டன.

ஒன்று 'ரிக்கார்ட்': எழுதி வைக்கப்பட்ட பதிவு. மற்றது 'எஸ்டிமேட்': மதிப்பீடு. அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். மாண்டவர் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறையில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவர்களுக்கு 'ரிக்கார்ட்' உண்டு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் முதலிய ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அது 'எஸ்டிமேட்'. இரு எண்களுக்கு இடையே உள்ள 20,000 பேரும் மனிதர்களே. அவர்களுள் என் தாத்தாவும் ஒருவரோ என்னவோ! பாட்டியாருக்கு நான் விடை கொண்டுசெல்லவில்லை. அவர் கேள்வியோடே கண்மூடினார்.

ஆதலின், மாணவர்களே, ஆங்கிலத்தைப் பிறர் எழுதியதைப் படிப்பதற்கு மட்டும் கற்காதீர்கள். நம்மவர் கதையைப் பிறர் படிக்குமாறு எழுதுவதற்கும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் கேட்டு, தமிழில் உணர்ந்து, பின் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாய்மொழியில் ஆழமாக வேரூன்றியவனுக்குப் பிறமொழி கிளையாக வந்து சேரும்.

பயிற்சி

1. மேலே கண்ட சொற்களை ஆங்கில அகராதியில் தேடி எழுத்துக்கூட்டலை அறிக. குறிப்பேட்டில் சொல், அதன் குடும்பம், தமிழ்ப்பொருள், சொந்த வாக்கியம் என நான்கு பத்திகளில் எழுதுக.

2. 'ஆக்குபேஷன்' என்னும் சொல்லை இருபொருளிலும் அமைத்து இரு வாக்கியங்கள் எழுதுக.

3. 'பெரட்டு' என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். இவ்வாறு தோட்டத்துப் பேச்சில் கலந்துள்ள வேறு ஆங்கிலச் சொற்கள் மூன்றினைக் கண்டறிக.

4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவரிடம், சயாமுக்குச் சென்ற உறவினர் எவரேனும் உண்டா எனப் பணிவோடு கேட்டறிக. அவருடைய பெயர், தோட்டம், திரும்பினாரா என்பவற்றை முதலில் தமிழிலும், பின்னர் ஐந்து ஆங்கில வாக்கியங்களிலும் எழுதி வருக.

நான்காம் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் நீங்கள் எழுதிக் கொணரும் ஒவ்வொரு பெயரும் மதிப்பீட்டிலிருந்து பதிவுக்கு வந்த பெயராகும்.