பெயர் கொடுத்துவிட்டீர்களா? கெண்டைக்காலைக் கேட்டீர்களா?

புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா, பெஸ்தாரி ஜெயா பக்கம் டென்னிஸ் ஆடுகிறவர்களில் பலருக்கு ஆட்டம் நடுவில் விட்டுப்போயிருக்கும். நைட் ஷிப்ட், கைக்குழந்தை, முட்டி வலி, கோவிட் என்று ஆளுக்கொரு காரணம். ஆசை மட்டும் போகாது. வாட்ஸ்அப்பில் போட்டி அறிவிப்பு வந்ததும் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுவீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்: இடைவெளிக்குப் பிறகு மூச்சு முதலில் திரும்பும், அடுத்து கை பழகும், தசைநார் கடைசியில்தான் தயாராகும். "இப்பதான் நல்லா ஆடுறேன்" என்று தோன்றும் வாரத்தில்தான் பலர் நொண்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இந்திய டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஆடாமல் இருந்தவர், 2020 ஜனவரியில் ஹோபர்ட்டில் களமிறங்கி, உக்ரைனின் நாடியா கிச்செனோக்குடன் சேர்ந்து முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம் வென்றார். அடுத்த வாரம் மெல்பர்ன். ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில், இரண்டாவது செட் தொடங்கிய கையோடு, கெண்டைக்கால் காயத்தால் விலக வேண்டியதாயிற்று. அவ்வளவு உழைத்து, அவ்வளவு நல்ல கவனிப்போடு திரும்பியவருக்கே இந்த நிலை. நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீரையும் பார்த்துவிடுங்கள். மலேசியாவில் நீரிழிவு அதிகம் உள்ளது இந்தியரிடையேதான். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் பையில் மிட்டாய் இருக்கட்டும்; இரண்டாவது செட்டில் கை நடுங்கினால் பதற்றம் என்று விட்டுவிடாதீர்கள், சீனி இறங்கியிருக்கலாம்.

- சப்பாத்தை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்த சப்பாத்து மேலே புதுசாகத் தெரியும், அடிப்பாகம் உள்ளுக்குள் மக்கியிருக்கும். எங்கள் பக்கத் திடலில் ஒருவருக்கு இரண்டாவது கேமிலேயே அடி வாய் பிளந்தது. அவர் ஓடிய இடமெல்லாம் கறுப்புத் துகள். இரவல் சப்பாத்தில் ஆட்டத்தை முடித்தார், குதிகால் தோல் மொத்தமாக உரிந்துவிட்டது. ஓட்டப் பயிற்சிக்கான சப்பாத்தும் உதவாது. பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும்.

- ஸ்ட்ரிங்கைப் புதிதாகக் கட்டுங்கள். ஆடாமல் கிடந்தாலும் இழுவை தளர்ந்துவிடும். காரின் பின்பெட்டியில் வெயிலில் வெந்த ராக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் பாலியெஸ்டர் போடச் சொன்னால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள், முழங்கை தாங்காது. மென்மையான மல்டிஃபிலமென்ட் போட்டு, பழைய அளவிலிருந்து இரண்டு பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள்.

- கெண்டைக்காலை வாசற்படியில் பழக்குங்கள், போட்டிக்குக் குறைந்தது ஆறு வாரம் இருக்கும்போதே. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி எழும்பி, குதிகாலை மெல்ல, மிக மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பதினைந்து முறை, அதுபோல் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டியை நீட்டிப் பாதி, மடக்கிப் பாதி. அப்போதுதான் மேல்தசை, அடித்தசை இரண்டுக்கும் வேலை கிடைக்கும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

- முதல் போட்டியை இரட்டையராக ஆடுங்கள். ஓட வேண்டிய தூரம் குறையும், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. காயங்கள் படுத்திய பாட்டில் 2013-லேயே ஒற்றையரை விட்டவர் சானியா; இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தது அதற்குப் பிறகு, 2015-இல்.

- ஆட்டம் எந்த நேரமோ அந்த நேரத்தில் பயிற்சி எடுங்கள். ஏசியிலேயே வேலை பார்த்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும்.

- விதிகளை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். டியூஸில் ஒரே பாயிண்டில் கேம் முடிகிறதா, மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் டை-பிரேக்கா, எத்தனை நிமிடம் தாமதமானால் வாக்ஓவர், எந்தப் பந்து? பதில் வந்ததும் அதே பந்தில் இரண்டு டப்பா வாங்கிப் பழகுங்கள்.

- ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். நம் பக்கத்திலிருந்து ஜாலான் டூத்தா டென்னிஸ் திடல் வரை நெடுஞ்சாலையில் உட்கார்ந்தே போன இடுப்பு, இறங்கியதும் சர்வ் போடச் சம்மதிக்காது. பத்து நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம், பிறகே ராக்கெட்.

செய்யக்கூடாதவை

- முதல் போட்டியையே பெரிய போட்டியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிம் கிளிஸ்டர்ஸ் 2007-இல் விலகி, குழந்தை பெற்று, 2009-இல் திரும்பி வந்து அமெரிக்க ஓப்பனையே ஜெயிக்கவில்லையா என்று யாராவது ஏற்றிவிடுவார்கள். அவர் முன்பே உலக முதல்நிலை ஆட்டக்காரர், அதே பட்டத்தை 2005-இல் வென்றவர். அப்படிப்பட்டவரும் சின்சினாட்டியிலும் டொரொண்டோவிலும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் நியூயார்க் போனார்.

- ஒற்றையர், இரட்டையர், கலப்பு என்று மூன்றுக்கும் சேர்த்துப் பெயர் கொடுக்காதீர்கள். சேர்ந்தாற்போல் வரும் சுமைதான் காலை உடைக்கும். மெல்பர்னில் ரோஹன் போபண்ணாவுடன் ஆட இருந்த கலப்பு இரட்டையரைச் சானியா முதலிலேயே விட்டுக்கொடுத்தார், காலைக் காப்பாற்ற.

- கெண்டைக்காலில் 'டப்' என்று ஏதோ தெறித்தால் அதற்குமேல் ஒரு பாயிண்ட்கூட ஆடாதீர்கள். பின்னாலிருந்து யாரோ பந்தால் அடித்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தசை கிழிந்ததன் அடையாளம் அது. நடுவயதுக்காரர்களிடம் இது அவ்வளவு சகஜம் என்பதால் மருத்துவர்கள் இதற்கு 'டென்னிஸ் லெக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், மேலே கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை போதும். நுனிக்காலில் நிற்கவே முடியவில்லை என்றால் குதிகால் தசைநாரே அறுந்திருக்கலாம். கோல குபு பாரு ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள், திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.

- எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள், முதல் சில நாட்களுக்கு. பாசமாகத்தான் வருவார்கள். கிழிந்த தசையை உருவினால் இரத்தக் கசிவு கூடும், ஆற வேண்டிய காயம் மாதக்கணக்கில் இழுக்கும். கால் வீங்கிக்கொண்டே போனாலோ மூச்சு முட்டினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவு.

- வலி மாத்திரை போட்டுக்கொண்டு கோர்ட்டில் இறங்காதீர்கள். "நிறுத்து" என்று உடம்பு சொல்வது காதில் விழாமல் போகும். வியர்த்துக் காய்ந்த உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

- இடிச் சத்தம் கேட்ட பிறகு "இந்த ஒரு கேம்" என்று நிற்காதீர்கள். சுற்றிலும் கம்பி வேலி, கையில் ராக்கெட், திறந்த வெளி. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்பி வாருங்கள். காயாத கோர்ட்டில் அப்போதும் ஆடாதீர்கள்.

- புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஆடாதீர்கள். அது ஆரோக்கியமற்ற நிலை. நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.

- ஆட்டத்துக்கு முன் நாசி லெமாக்கோ, கறியில் தோய்த்த ரோட்டி சானாயோ சாப்பிடாதீர்கள். கொழுப்பு வயிற்றில் தங்கிவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாக இட்லி, பக்கத்தில் ஒரு வாழைப்பழம், அது போதும்.

- பழைய சர்வை முதல் கேமிலேயே தேடாதீர்கள். கைக்கு அந்த வேகம் ஞாபகம் இருக்கும், தோள்பட்டைக்கு இருக்காது. முக்கால் வேகத்தில், எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் போடுங்கள்.

- சந்தேகமான பந்தை 'அவுட்' என்று கத்தாதீர்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில், வெளியே விழுந்ததாகத் தெளிவாகப் பார்க்காத பந்து உள்ளே விழுந்த பந்துதான். ஆட்டத்தை விட்ட கண்ணும் பழக நாளாகும். கோட்டுச் சண்டையில் பழைய நட்பையே இழந்தவர்கள் உண்டு.

- தோற்ற அன்றைக்கு ராக்கெட்டை விற்கிற முடிவை எடுக்காதீர்கள். சென்னையின் இடக்கை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முட்டி எலும்பு முறிவுகள் இருபதுகளின் நல்ல ஆண்டுகளையே தின்றுவிட்டன. திரும்பி வந்து, சிறிய போட்டிகளாக ஆடி ஏறி, 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். 2019 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 75-ஆவது இடம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பிரதான சுற்றில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 29. நீங்களும் அடுத்த போட்டிக்கு மூன்று வாரமாவது இடைவெளி விட்டுப் பெயர் கொடுங்கள். அதுவரை வாசற்படிப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.