பொருந்தாச் சமாளிப்பு என்றால் என்ன?



உளவியலில் "பொருந்தாச் சமாளிப்பு" என்றொரு சொல் உண்டு. கேட்கப் பெரிய படிப்புச் சொல் போல இருக்கும். விஷயம் நம் லயங்களில் அன்றாடம் நடப்பதுதான்.

கஷ்டம் வந்தால் எல்லாரும் ஏதாவது செய்து சமாளிக்கிறோம். அது அந்த நேரத்துக்கு மட்டும் ஆறுதல் தந்து, நாளடைவில் கஷ்டத்தைக் கூட்டிவிட்டால் அதுதான் பொருந்தாச் சமாளிப்பு. கவலைக்குக் கசிப்பு குடிப்பதும், கடனை அடைக்கக் கடன் எடுப்பதும் நமக்குத் தெரிந்தவை. அவ்வளவாகக் கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன்.

பூண்டுலோயாப் பக்கத்தில் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போட்டுப் பழகியவர். கொழுந்து மலையில் அது புதினமில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்து, உறைப்பு பட்டால் எரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் பேர் போகும். டொக்டர் பெரிய வியாதி என்று சொல்லிவிட்டால்? பயம் வரும்போதெல்லாம் இன்னொரு வாய் வெற்றிலை. "வாயில வெத்தல இருந்தா மனசு கொஞ்சம் அடங்குதுங்க ஐயா" என்றார்.

பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூட. எதற்குப் பயந்தாரோ அதையே வளர்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை ஏசிவிட்டு வந்தேன். அது என் பிழை. அடுத்த கிழமை என்னைக் கண்டதும் காம்பராவுக்குள் போய்விட்டார். இந்தச் சொல் செயலுக்குத்தான் பெயர், ஆளுக்கு அல்ல. லாசரஸ், போக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1984 இல் எழுதிய நூலில், எந்தச் சமாளிப்பும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, நிலைமையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சாவு வீட்டில் முதல் சில நாள் பேசாமல் வேலை பார்ப்பது ஒருவரைத் தாங்கும். மாதக்கணக்கில் பிள்ளைகளையும் பார்க்காமல் அதே மௌனம் என்றால் வேறு கதை.

பிறகு அக்காவின் மகளையும் இருத்திப் பேசினோம். மகள் கூடப் போனதால் அக்காவும் போனார். இன்னும் புற்றாகவில்லையாம். வெற்றிலையை நிற்பாட்டி, தவணை தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வாயில் புண்ணோ, வெள்ளை, சிவப்புத் தழும்போ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாவிட்டால் பல் டொக்டரிடம் காட்டுங்கள். மனப்பாரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசலாம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன்.