கொசு மட்டையில் பொறி பறப்பது எப்படி?

மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு 'பட், பட்' என்று ஓர் ஓசை கேட்கும். தேங்கிய கழிவு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் வீட்டுக்குள் நுழையும் நேரம் அது. தியாகராய நகர்க் கடைத்தெருவில் வாங்கிய கொசு மட்டையை யாராவது வீசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் வீசியிருப்பீர்கள்.

அதன் வலையில் ஏறத்தாழ 1500 வோல்ட் மின்னழுத்தம் இருக்கக்கூடும். "230 வோல்ட் வீட்டு மின்சாரமே ஆளைக் கொல்கிறதே, இதைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறோம்?" என்று என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. விடை காண, மட்டையின் கைப்பிடிக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். (மனத்தால் மட்டும்! மட்டையைக் கழற்ற வேண்டாம்.)

உள்ளே இருப்பது 4 வோல்ட் தரும் சிறிய மின்கலம். அது தருவது நேர்திசை மின்னோட்டம். மின்மாற்றியோ மாறும் மின்னோட்டத்துக்குத்தான் வேலை செய்யும். ஆகவே ஒரு டிரான்சிஸ்டர், வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டும் நிறுத்தியும் தருகிறது. சுண்டுவிரல் நுனியளவு மின்மாற்றி அதைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்துகிறது. பிறகு டயோடுகளும் மின்தேக்கிகளும் ஏணிப்படி போல் அடுக்கப்பட்ட ஒரு சுற்று, அந்த அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறது. இந்த ஏணி சாமானியமானதன்று. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட், வால்ட்டன் என்னும் இருவர் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தபோது, பல லட்சம் வோல்ட் பெறுவதற்குக் கையாண்டது இதே வகைச் சுற்றைத்தான். 1951இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுவைப் பிளந்த ஏணியின் குட்டித் தம்பிதான் இன்று கொசுவைக் கொல்கிறது!

இப்போது வலையைப் பாருங்கள். பெரும்பாலான மட்டைகளில் மூன்று அடுக்கு வலை உண்டு. வெளிப்புற வலைகள் இரண்டும் ஒரே முனையோடும், நடு வலை மற்றொரு முனையோடும் இணைந்துள்ளன. இடைவெளி 4 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். காற்றைக் கிழித்துப் பொறி பாய, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அதாவது 12,000 வோல்ட். நம்மிடம் உள்ளதோ 1500. எனவே வெறும் வலையில் பொறி வராது. மின்கடத்தும் ஈர உடலோடு கொசு இடையில் புகுந்ததும், மீதமுள்ள இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது. உடனே பொறி தாவுகிறது.

இனி மாணவரின் கேள்வி. மின்தேக்கியில் உள்ள ஆற்றல் ½CV². மின்தேக்கியின் அளவு 0.02 மைக்ரோஃபாரட் என்றால், 1500 வோல்ட்டில் அதன் ஆற்றல் 0.0225 ஜூல், அதாவது 22.5 மில்லிஜூல். ஒரு கொசுவின் நிறை 2 மில்லிகிராம் என்று கொண்டால், இவ்வாற்றல் அதைப் பரங்கிமலையின் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலே தூக்கப் போதுமானது. ஐம்பது கிலோ எடையுள்ள உங்களையோ ஒரு மயிரிழை அளவுக்குக்கூட உயர்த்தாது. மூன்றாம் மாடியிலிருந்து விழும் ஒரு சொட்டு நீர் உங்களை என்ன செய்யும்? 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளமோ ஊரையே புரட்டியது. வோல்ட் என்பது உயரம் போன்றது. எவ்வளவு நீர் வருகிறது என்பது வேறு. வீட்டு மின்சாரத்துக்குப் பின்னால் மின்நிலையமே நிற்கிறது. மட்டையின் மின்தேக்கியோ நொடியில் காலியாகிவிடும். ஆயினும் தொட்டால் சுரீரென்று வலிக்கும். குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது.

ஆனால் இந்த அற்ப ஆற்றல் ஓரிடத்தில் அற்பமன்று. சமையல் எரிவாயு காற்றில் தக்க அளவில் கலந்திருந்தால், அதைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். நம் பொறியிலிருப்பது அதைப்போல் 90 மடங்கு! பிரான்சில் 2020 செப்டம்பரில், எண்பது வயது கடந்த ஒருவர் ஈயை அடிக்க இத்தகைய மட்டையை வீசினார். வீட்டில் எரிவாயு கசிந்திருந்தது. அது வெடித்துச் சமையலறை சிதைந்தது. அவர் கையில் தீக்காயத்தோடு தப்பினார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். கொசுக்களும் மேசைக்கு அடியில்தானே பதுங்குகின்றன! வாயு நாற்றம் வந்தால் மட்டையையும் தொடாதீர்கள், விளக்கு விசையையும் தொடாதீர்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசச் சொல்லுங்கள். கொசு மருந்தைப் பீய்ச்சிய அறையில் உடனே மட்டையை வீசுவதும் கூடாது. பல குப்பிகளில் மருந்தை வெளியே தள்ளுவது இதே வகை வாயுதான்.

இன்னொன்று. விலை மலிந்த மட்டைகள் பலவற்றில், மின்னேற்றும் பகுதியில் மின்மாற்றி கிடையாது. ஒரு மின்தேக்கி, சில டயோடுகள் வழியாக 230 வோல்ட் நேரே உள்ளே வருகிறது. செருகியிருக்கும்போது பொத்தானை அழுத்தி வலையைத் தொட்டால், நீங்கள் தொடுவது சொட்டு நீரை அன்று, வெள்ளத்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகே மட்டையைக் கையில் எடுங்கள். நல்ல மட்டையில் மின்தேக்கியோடு 10 மெகாஓம் போன்ற ஒரு மின்தடை இணைந்திருக்கும். பொத்தானை விட்ட ஒரு வினாடிக்குள் மின்னூட்டம் வடிந்துவிடும். அது இல்லாத மட்டையில் பொத்தானை விட்ட பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒட்டிய கொசுவைத் தட்டிவிட விரலை நீட்டாமல், காய்ந்த ஈர்க்குச்சி ஒன்றைப் பயன்படுத்துங்கள்.