படிக்க முடியாத எழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

பாரசீக வனப்பெழுத்திலிருந்து கிளைத்த அரூப ஓவியம் ஈரானில் 1960களில் ஓர் இயக்கமாகத் திரண்டது. இந்த ஓவியங்களில் எழுத்து தெரியும். சேர்த்துப் படிக்கத்தான் வராது. மேற்கத்திய அரூப ஓவியத்தின் பாதிப்பு என்று இதைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். மறுபாதி, அந்நாட்டு எழுத்துப் பயிற்சியிலேயே இருக்கிறது.

நஸ்தாலிக் என்னும் எழுத்துமுறை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. மீர் அலி தப்ரீஸியை அதன் முதல் ஆசானாக மரபு போற்றுகிறது. சொற்கள் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவது இதன் தனி அழகு. நாணல் தண்டின் நுனியைச் சாய்வாகச் சீவி எழுதுகோலாக்குவார்கள். விளக்குக்கரியும் வேலம்பிசினும் சேர்ந்தது மை. நுனியைத் தாளில் பதித்துச் சற்றே இழுத்தால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் என்ற எழுத்து மூன்று புள்ளி உயரம். மற்ற எழுத்துகளின் நீளமும் வளைவும் இதே கணக்கில்தான். எழுதுகோல் பருத்தால் புள்ளியும் பருக்கும், விகிதம் மட்டும் மாறாது.

இந்தக் கணக்கு கைக்குப் பழகப் பல ஆண்டுகள் ஆகும். பழகுபவர்கள் எழுதிய தாளையே திருப்பித் திருப்பி, தலைகீழாகவும் குறுக்காகவும் எழுதிப் பார்ப்பார்கள். வெள்ளை மறைந்து தாள் கறுத்துப்போகும். ‘சியா மஷ்க்’ என்று இதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டில், கஜார் மன்னர்கள் காலத்தில், இந்தப் பயிற்சித் தாளே தனிக் கலைப்படைப்பாக மதிப்புப் பெற்றது. மிர்ஸா குலாம்ரெஸா இஸ்ஃபஹானி போன்ற ஆசான்கள் இவற்றைத் திட்டமிட்டே எழுதினார்கள். ஒரே வளைவு பக்கம் முழுதும் அடுக்கடுக்காக வரும். எங்கே நெருக்கம், எங்கே வெளி என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. ஐரோப்பாவில் அரூப ஓவியம் தோன்றுமுன்பே, பொருளை ஒதுக்கி வடிவத்தை ரசிக்கும் கண் ஈரானியருக்கு வாய்த்திருந்தது.

நவீன ஓவியர்கள் வந்தது இதன் பிறகு. கர்பலாவில் தாகத்தோடு உயிர்நீத்த இமாம் ஹுசைன் நினைவாகத் தெருக்களில் அமைந்த தண்ணீர் மாடங்களுக்குச் சக்காகானே என்று பெயர். பூட்டும் தாயத்தும் மெழுகுவத்தியுமாக நிறைந்த அந்த மாடங்களின் சாயலைக் கண்ட விமர்சகர் கரீம் எமாமி, 1960களின் தொடக்கத்தில் இளம் ஓவியர் சிலரின் பாணிக்கு அந்தப் பெயரையே சூட்டினார். அவர்களில் முதன்மையானவர் 1937இல் தெஹ்ரானில் பிறந்த ஹுசைன் ஜெந்தரூதி. தாயத்துத் தகட்டைப் போல எழுத்தும் எண்ணுமாகப் பரப்பை நிரப்பினார். பாரிஸில் குடியேறிய பின், எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதிப் பெரிய கித்தான்களை நிறைத்தார். அவருடைய ‘சார் பாக்’ (1981) 2008இல் துபாய் ஏலத்தில் சுமார் 16 லட்சம் டாலருக்குப் போனது.

முகமது எஹ்ஸாயியின் வழி வேறு. 1939இல் பிறந்த அவர் வனப்பெழுத்தை முறையாகக் கற்றவர், வரைகலைஞரும்கூட. அவருடைய தடித்த எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிப் பூட்டிக்கொண்டு ஒரே உருவமாக எழும். புள்ளிக் கணக்கின் ஒழுங்கு அந்த இறுக்கத்திலும் குலைவதில்லை. ஜெந்தரூதியிடம் துணிச்சல் அதிகம். ஆனால் மரபை மீறாமல் அரூபத்துக்குப் போக முடியும் என்று காட்டியவர் எஹ்ஸாயிதான். அந்த வகையில் அவருடைய சாதனையே பெரிது.

இந்த ஓவியங்களைப் பார்க்க நேர்ந்தால், என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்காதே. கோடு எங்கே பருக்கிறது, எங்கே மெலிகிறது, எழுதுகோல் எங்கே திரும்புகிறது என்று கவனி. கூடவே பழைய சியா மஷ்க் ஒன்றையும் வைத்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்