தூங்கப்போன பழைய லினக்ஸ் கணினி எழவில்லையா?

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப்பில்கூட லினக்ஸ் நன்றாகவே ஓடும். சஸ்பெண்ட் கொடுத்தால்தான் வம்பு. திரை இருண்டபின் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது எழுப்பும்போது முதலிலிருந்து பூட் ஆகும். மதர்போர்டு போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். கீழே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.

1. சோதனை தொடங்குமுன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து, யுஎஸ்பி டிஸ்க், பென் டிரைவ்களைக் கழற்றிவிடவும். டெர்மினலில் ‘சிங்க்’ என்று ஒருமுறை கொடுத்தால், எழுதப்படாமல் நிற்கும் தரவு டிஸ்கில் ஏறிவிடும். சஸ்பெண்டில் எல்லாம் ராமில்தான் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில், காலையில் கணினி புதிதாக பூட் ஆகி நின்றால், இரவில் மின்வெட்டு வந்ததா என்று முதலில் விசாரிக்கவும். ஸ்வாப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஹைபர்நேட்டுக்குத்தான் தேவை.

2. பழுதின் குணத்தைக் கவனிக்கவும். சரியாகத் தூங்கினால் ஃபேன் நிற்கும், பல கணினிகளில் பவர் விளக்கு கண்சிமிட்டும். ஃபேன் நிற்கவே இல்லையென்றால் தூங்கப் போகும் வழியில் சிக்கல். எழுப்பியபின் திரை கறுப்பாகவே இருந்தால் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது, சந்தேகம் கிராபிக்ஸ் மேல். விளக்கு மாறாவிட்டால் கெர்னலே உறைந்திருக்கலாம். ஆனால் யுஎஸ்பி கீபோர்டு தானே எழாமல் ஏமாற்றக்கூடும். பழைய மதர்போர்டில் உருண்டையான பிஎஸ்/2 துளை இருந்தால், அந்த வகைக் கீபோர்டைச் செருகிப் பார்ப்பது நம்பகமானது. எழுப்பும்போது புதிதாக பூட் ஆனால் பயாஸ், ராம், எஸ்எம்பிஎஸ் பக்கம் போகவும்.

3. கணினியை மறுபடி இயக்கியபின் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ கொடுத்தால் முந்தைய பூட்டின் பதிவு கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால், /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவை உருவாக்கி மறுபடி பூட் செய்தால் இனி வரும் பதிவுகள் டிஸ்கில் தங்கும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பதிவின் கடைசி வரி, சஸ்பெண்டுக்குள் நுழைவதாகச் சொல்லி நின்றிருக்கும். பழுது அந்த வரியில்தான் என்று எண்ண வேண்டாம். அதற்குப்பின் வந்த செய்திகள் டிஸ்கை எட்டுமுன்பே கணினி உறைந்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

4. எல்லாக் குறிப்புகளிலும் இதைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன். கணினியை உண்மையில் தூங்கவைக்காமலே சஸ்பெண்டைப் படிப்படியாக ஒத்திகை பார்க்கும் வசதி கெர்னலில் இருக்கிறது. முதலில் ‘சூடோ -ஐ’ கொடுத்து ரூட் ஆகிவிடவும். ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கினால் கோப்பில் எழுத அனுமதி கிடைக்காது. பிறகு ‘எக்கோ ஃப்ரீசர் > /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்’, அடுத்து ‘எக்கோ மெம் > /சிஸ்/பவர்/ஸ்டேட்’. கணினி 5 விநாடி காத்திருந்து தானே திரும்பிவரும். திரும்பினால் ஃப்ரீசர் இருந்த இடத்தில் டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகவும்.

ஃப்ரீசர் ஓடும் நிரல்களை மட்டும் நிறுத்தும். டிவைசஸ் அதோடு டிரைவர்களையும் உறங்கவைத்து எழுப்பும். பிளாட்ஃபார்ம் பயாஸின் ஏசிபிஐ வேலைகளையும் சேர்த்துக்கொள்ளும். ப்ராசசர்ஸ் என்பது சிபியுவின் முதல் கோரைத் தவிர மற்ற கோர்களை அணைக்கும். கோர் என்பது அடிப்படைச் சாதனங்கள்வரை போகும். எந்தச் சொல்லில் கணினி உறைகிறதோ அந்தப் படியில்தான் பழுது. பழைய கணினிகளில் டிவைசஸ் படியில் நின்றால் எனக்கு நிம்மதியாகவே இருக்கும். ஏதோ ஒரு டிரைவர்தான் காரணம், வழி இருக்கிறது. கோர் வரை எல்லாம் தேறி, உண்மையான சஸ்பெண்டில் மட்டும் விழுந்தால் பயாஸையும் வன்பொருளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியையும் பலமுறை ஓட்டவும், சில பழுதுகள் எப்போதாவதுதான் தலைகாட்டும். முடிந்ததும் பிஎம்_டெஸ்டில் ‘நன்’ எழுதிவிட மறக்க வேண்டாம். அந்தக் கோப்பே இல்லையென்றால், உங்கள் கெர்னல் அந்த வசதி இல்லாமல் தயாரிக்கப்பட்டது.

5. தூங்கிவிட்டு, எழும்போது உறைந்தால் /சிஸ்/பவர்/பிஎம்_டிரேஸ் கோப்பில் 1 எழுதி சஸ்பெண்ட் கொடுக்கவும். எழுந்துவரும் வழியில் கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கெர்னல் கணினியின் கடிகாரச் சில்லில் எழுதிவைக்கும். உறைந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, தாமதிக்காமல் மறுபடி பூட் செய்து ‘டிமெசேஜ்’ பதிவில் ‘ஹாஷ் மேட்சஸ்’ என்ற வரியைத் தேடவும். மூன்று நிமிடத்துக்குமேல் தாமதித்தால், கடிகாரம் நகர்ந்து அடையாளம் கெட்டுவிடும். தேதியும் நேரமும் தாறுமாறாகிவிடும் என்பதால் பிறகு திருத்திக்கொள்ளவும். டிமெசேஜ் கட்டளையின் பெயரை ‘டி, எம், ஈ, எஸ், ஜி’ என்று ஐந்து எழுத்தில் தட்ட வேண்டும்.

6. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்து, மதர்போர்டிலும் மானிட்டர் இணைப்பு இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதிக்கவும். அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைக் கார்டுகளுக்கான 340 டிரைவர் 2019-ஓடு நின்றுவிட்டது. புதிய கெர்னலில் அதை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட நூவோ டிரைவருக்கு மாறிப் பார்ப்பது நல்லது.

7. டிவி டியூனர், வைஃபை, பழைய சவுண்டு கார்டு போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் சோதிக்கவும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. தவறு செய்யும் டிரைவர் பிடிபட்டால், தூங்குமுன் அதை ‘மாட்ப்ரோப் -ஆர்’ கொண்டு நீக்கி, எழுந்தபின் ஏற்றும் சிறு ஸ்கிரிப்டை /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் வைத்து, இயக்கும் அனுமதியும் கொடுக்கவும். தூங்குமுன் ‘ப்ரீ’ என்றும் எழுந்தபின் ‘போஸ்ட்’ என்றும் அதற்குச் சொல்லப்படும்.

8. தூங்கிய உடனே தானே விழித்துக்கொள்கிறதா? /ப்ரோக்/ஏசிபிஐ/வேக்கப் கோப்பில் யார் யாருக்கு எழுப்பும் உரிமை என்ற பட்டியல் இருக்கும். சாதனத்தின் பெயரை அதே கோப்பில் எழுதினால் உரிமை நீங்கும், மறுபடி எழுதினால் திரும்பும். பெரும்பாலும் யுஎஸ்பி மவுஸ் அல்லது நெட்வொர்க் கார்டுதான் காரணம். இந்த மாற்றம் அடுத்த பூட்டில் அழிந்துவிடும்.

9. பயாஸில் ‘ஏசிபிஐ சஸ்பெண்ட் டைப்’ எஸ்3 என்று இருக்கிறதா பார்க்கவும். சில பழைய போர்டுகளில் எஸ்1 என்றே விட்டிருப்பார்கள். ஓவர்கிளாக் ஏதும் இருந்தால் நீக்கவும். கணினியின் நேரம் அடிக்கடி பின்தங்கினால், சிஆர்2032 பேட்டரியை மாற்றவும்.

10. பழைய கணினியில் எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் தூங்கும்போது ராமைக் காப்பாற்றுவது அதன் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இணைப்பு ஒன்றுதான். பெரிய ஏடிஎக்ஸ் கனெக்டரின் ஊதா வயர் அது, 9ஆம் பின். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயரிலும் பின்பக்கமாகச் செருகி, கணினி தூங்கும்போது அளக்கவும். 4.75 முதல் 5.25 வோல்ட்வரை சரி. அதற்குக் கீழே இறங்கினால், தூங்கியதெல்லாம் மறந்து கணினி புதிதாக பூட் ஆவது இயல்புதான். மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர்கள் இருக்கின்றனவா என்றும் கண்ணால் பார்க்கவும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

11. ராம் பட்டைகளைக் கழற்றி, தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துச் செருகவும். மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு ஓடட்டும்.

12. எதுவும் பலிக்காவிட்டால் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பில் ‘எஸ்2ஐடில்’ எழுதிப் பார்க்கவும். பயாஸை ஆழமான தூக்கத்துக்கு அழைக்காத இலகுவான சஸ்பெண்ட் இது. ஃபேன் சுற்றலாம், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் நம்பி விட்டுப்போகலாம். நிலையாக்க, பூட் வரியில் ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=எஸ்2ஐடில்’ சேர்க்கவும்.

13. சரியாகிவிட்டது என்று தோன்றியபின் ‘ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 60’ கொடுக்கவும். கணினி தூங்கி, 60 விநாடியில் தானே எழும். இதைத் திரும்பத் திரும்ப ஓட்டவும். பிறகு ஒரு இரவு முழுக்கத் தூங்கவிட்டு எழுப்பவும். எஸ்எம்பிஎஸ் பலவீனமும் ராம் பழுதும் ஒரு நிமிடத் தூக்கத்தில் வெளிப்படாமல் போகலாம்.