கோனோ ரயிலில் இரண்டு ஸ்டேஷன் போதும்

ஜப்பானின் வடக்கே, அகிதா மாகாணத்து ஹிகாஷி நோஷிரோவிலிருந்து அவோமோரி மாகாணத்து கவாபே வரை போகிறது கோனோ பாதை. 147 கிலோமீட்டர், 43 ஸ்டேஷன். அத்தனையையும் பார்த்துவிடத் திட்டம் போடாதீர்கள். சாதாரண ரயில் ஒன்றை விட்டால், அடுத்ததற்குச் சில நேரம் மூன்று மணி நேரம்கூட உட்கார வேண்டியிருக்கும். இறங்குவதற்கு இரண்டு இடம் போதும்.

என் முதல் ஓட்டு டோடோரோகிக்கு. ஆளில்லா ஸ்டேஷன், சின்ன மரக் கொட்டகை, ஒரு பிளாட்பாரம், எதிரே ஜப்பான் கடல். கடை கிடையாது. ரயில் போனபின் அலைச் சத்தம் மட்டும்தான். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

இரண்டாவது கிஸுகுரி. ஸ்டேஷன் முகப்பு முழுக்க ஒற்றைக்கால் களிமண் பொம்மையின் ராட்சத உருவம். அருகிலுள்ள காமேகாஓகாவில் கிடைத்த, வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்துப் பொம்மைக்கு ஒரு கால் உடைந்திருந்தது. அதையும் அப்படியே வடித்துவிட்டார்கள். உப்பிய கண்கள் விளக்கு போட்டால் ஒளிரும். ரயிலுக்குள் இருப்பவருக்கு இது கண்ணில் படாது, வெளியே வந்து திரும்பிப் பார்க்க வேண்டும்.

மற்றவற்றை 'ரிசார்ட் ஷிராகாமி' சுற்றுலா ரயிலிலேயே பார்த்துவிடலாம். நோஷிரோ பிளாட்பாரத்தில் கூடைப்பந்து வளையம் உண்டு; ஊருக்கு அந்த விளையாட்டில் அவ்வளவு பேர். செஞ்சோஜிகியில் சில வண்டிகள் கால் மணி நேரம் நிற்கும், கடலோரப் பாறையில் இறங்கி நடக்கலாம். இந்த ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம். கடல் பக்கம் வேண்டுமென்றால் 'ஏ' இருக்கை கேளுங்கள். அகிதாவிலிருந்து வரும் வண்டி ஹிகாஷி நோஷிரோவில் திசை மாறும்; எல்லோரும் எழுந்து இருக்கையைத் திருப்பிப் போடுவார்கள், பதற வேண்டாம்.

சாதாரண ரயிலில் ஓட்டுநர் மட்டும்தான், நடத்துநர் இல்லை. ஆளில்லா ஸ்டேஷனில் ஏறினால் கதவருகே எண் சீட்டு எடுங்கள். இறங்கும்போது முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரான கட்டணத்தைப் பார்த்து, ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சீட்டோடு சேர்த்துப் போட வேண்டும். சின்ன ஸ்டேஷன்களில் சூய்கா என்னும் மின் பயண அட்டை செல்லாது. பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் ஓட்டுநருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஆயிரம் யென் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள்.

கடலை ஒட்டிய பாதை என்பதால் பலத்த காற்றடித்தால் வண்டி நின்றுவிடலாம். 2022 ஆகஸ்டு மழையில் சேதமான பகுதி டிசம்பரில்தான் திறந்தது. கிளம்பும் அன்று காலையில் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள்.